இந்தூர் நகரமும் அதன் கழிவும்: ஒரு வரலாற்று நோக்கு

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அரண்மனைகளையும் கோயில்களையும் சந்தைகளையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நகரங்களில் வாழ்ந்தோர் நாள்தோறும் கழித்த குப்பையும் மலமும் எங்கே சென்றன, அவற்றை அகற்றியோர் யாவர், அதற்கான செலவை யார் ஏற்றனர் என்னும் வினாக்கள் அத்துணை கவனத்தைப் பெற்றதில்லை. ஆயின், ஒரு நகரம் நெடுங்காலம் நிலைத்து வாழத்தக்கதா என்பதை ஈற்றில் தீர்மானிப்பவை இவ்வினாக்களே எனலாம்.

அண்மைக்காலத்தில் இவ்வினாக்களுக்கு விடையாகத் 'திறன்மிகு நகரம்' என்னும் கருத்து முன்வைக்கப்பட்டு வருகிறது. உணர்கருவிகள், கணினிகள், செய்மதி வழி இடங்காட்டிகள், கைத்தொலைபேசிச் செயலிகள் ஆகியவற்றின் துணையோடு நீர், மின்சாரம், போக்குவரத்து, கழிவு என்பவற்றை முகாமை செய்யும் நகரமே இத்தொடராற் குறிக்கப்படுகிறது. இந்திய அரசு 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 100 நகரங்களை இவ்வாறு மாற்றியமைக்கும் திட்டமொன்றைத் தொடக்கியது. 2025 மார்ச் மாதத்துடன் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் முதற் கட்டத்திலே தெரிவுசெய்யப்பட்ட 20 நகரங்களுள் மத்தியப் பிரதேசத்திலுள்ள இந்தூரும் ஒன்று. இந்தியாவின் மிகத் தூய நகரம் என அந்நகரம் பெற்ற புகழ் இன்று யாவரும் அறிந்ததே. அப்புகழுக்குத் தொழினுட்பமே காரணம் எனப் பலரும் கூறுவர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஒரு நூற்றாண்டு கால வரலாற்றின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் வளர்ச்சி

மாளவ மேட்டுநிலத்தில் கான், சரஸ்வதி என்னும் இரு சிற்றாறுகள் கூடுமிடத்தில் அமைந்தது இந்தூர். பதினெட்டாம் நூற்றாண்டில் மராத்தியப் படைத்தலைவர்களான ஹோல்கர் வம்சத்தவரின் ஆட்சிக்குட்பட்டது. அவ்வம்சத்தின் புகழ்பெற்ற அரசியான அகல்யாபாய் நருமதைக் கரையிலுள்ள மகேஸ்வரத்திலிருந்தே ஆட்சி புரிந்தார். 1818இல் மண்ட்சோர் உடன்படிக்கையின் மூலம் ஹோல்கர் அரசு பிரித்தானிய மேலாண்மையை ஏற்றுக்கொண்டதன் பின்னரே இந்தூர் தலைநகராயிற்று. அபின், பருத்தி ஆகியவற்றின் வாணிபமும் பின்னர் எழுந்த நெசவாலைகளும் மக்களை அந்நகருக்கு ஈர்த்தன. மக்கள் பெருகிய வேகத்திற்கு வடிகாலும் குடிநீரும் ஈடுகொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலிகளால் பரவும் கொள்ளைநோய் அந்நகரை மீண்டும் மீண்டும் தாக்கியது. இந்நிலையிலேதான் ஸ்கொத்லாந்து அறிஞரான பற்றிக் கெடிஸ் அங்கு அழைக்கப்பட்டார்.

கெடிஸ் கண்ட நகரம்

1854இற் பிறந்த கெடிஸ் பயிற்சியால் உயிரியலாளர். டண்டீயில் தாவரவியற் பேராசிரியராகப் பணியாற்றியவர். நகரத்தையும் ஓர் உயிரியாகவே அவர் நோக்கினார். நோயாளியைப் பரிசோதியாது மருந்து கொடுக்கும் மருத்துவனைப் போன்றவன், நகரை அளந்தறியாது திட்டம் தீட்டும் பொறியியலாளன் என்பது அவரது கருத்து. எனவே, திட்டத்திற்கு முன்னர் ஆய்வு என்பதை அவர் வலியுறுத்தினார். எடின்பரோ நகரில் 1892ஆம் ஆண்டளவில் பழைய கோபுரமொன்றை அவர் தம் பொறுப்பில் எடுத்து நோக்குக் கோபுரம் எனப் பெயரிட்டார். அதன் உச்சியில் இருந்த இருட்டறைக் கருவி, கீழே நகர் அசைவதை ஒரு வட்ட மேசையின் மீது படமாக வீழ்த்திக் காட்டியது. அதன் கீழ்த் தளங்களில் எடின்பரோ, ஸ்கொத்லாந்து, உலகம் என விரியும் காட்சிகள் வைக்கப்பட்டன. பொதுமக்கள் ஏறிச்சென்று தம் நகரைத் தாமே கண்டறிவதற்காகவே இக்கோபுரம் அமைக்கப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1914இல் கெடிஸ் இந்தியா வந்தபோது, அவருடைய நகரக் கண்காட்சிக்குரிய படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. நண்பர்கள் திரட்டியனுப்பிய மாற்றுப் பொருட்களைக் கொண்டு சென்னையிலே கண்காட்சி நடைபெற்றது. அதன் பின்னர் தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களைப் பற்றியும் அவர் அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்து நேர்வீதிகள் அமைக்கும் அக்கால வழக்கத்தை அவர் எதிர்த்தார். வேண்டிய இடத்தில் மட்டும் சிறிதளவு வெட்டி, காற்றும் ஒளியும் புகச் செய்து, மரம் நட்டு, மக்களை அவரவர் இடத்திலேயே வாழவிடும் முறையை அவர் பரிந்துரைத்தார். இதனை அவர் 'பேணும் சத்திரசிகிச்சை' என்னும் பொருள்பட அழைத்தார்.

இந்தூர் அரசுக்கு அவர் எழுதிய அறிக்கை 1918இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அவருடைய இந்திய அறிக்கைகளுள் மிக விரிவானது இதுவே. பெருஞ்செலவில் நிலத்தடிக் கழிவுக் குழாய்களை அமைக்கும் திட்டமொன்றை அவர் அதில் கண்டித்தார். கழிவை நீரோடு கலந்து ஆற்றில் விடுவது செல்வத்தை வீசியெறிவதாகும். அது தோட்டத்திற்குச் செல்லவேண்டும் என்பது அவருடைய வாதம். நகரம் மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்னும் இக்கருத்து இன்றைய சூழலியலாளர் கூறும் சுழற்சிப் பொருளாதாரத்திற்கு முன்னோடியானது.

அறிக்கையினும் பார்க்கப் புகழ்பெற்றது அவர் நடத்திய தீபாவளி ஊர்வலமாகும். கொள்ளைநோயை ஒழிப்பதற்காகத் தம்மை ஒருநாள் மன்னராக்கும்படி அவர் வேண்டினார் எனவும், அரசு அதற்கு இணங்கியது எனவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஊர்வலம் செல்லும் வழி இந்து, முஸ்லிம் மரபுகளின்படி அமையாது எனவும், எந்தெந்தத் தெருக்களில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ அவற்றின் வழியாகவே செல்லும் எனவும் அறிவிக்கப்பட்டது. குப்பை இலவசமாக அகற்றப்படும் என்ற வாக்குறுதியும் அளிக்கப்பட்டது. மக்கள் தம்முட் போட்டியிட்டுக்கொண்டு வீடுகளைக் கூட்டினர்; ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை நகரைவிட்டு நீங்கியது. ஊர்வலத்தில் அழுக்கைக் குறிக்கும் பேருருவமும் கொள்ளைநோயைக் குறிக்கும் எலியுருவமும் இழுத்துச் செல்லப்பட்டு இறுதியில் தீயிடப்பட்டன. துப்புரவுத் தொழிலாளர் வெள்ளுடை அணிந்து, அலங்கரிக்கப்பட்ட தம் வண்டிகளோடு அதில் நடந்து சென்றனர்.

இவ்விவரங்களுட் பல கெடிஸ் பிற்காலத்தில் கூறியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலின் இவற்றைச் சிறிது எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். சாதிக் கொடுமை ஓர் ஊர்வலத்தால் நீங்கிவிடவுமில்லை. எனினும், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவரை நகரின் முதன்மை விழாவில் இடம்பெறச் செய்யாது துப்புரவைப் பேசமுடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது தெளிவு.

ஹவார்டும் கூட்டெருவும்

கெடிஸ் சென்ற சில ஆண்டுகளில் இதே நகரில் இன்னொரு பரிசோதனை தொடங்கியது. ஆங்கிலேயத் தாவரவியலாளரான அல்பேட் ஹவார்ட் 1924இல் இந்தூரிலே பயிர்த்தொழில் ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவினார். பருத்தி ஆய்வே அதன் முதனோக்கமாக இருப்பினும், மண்வளம் பேணாது பயிர்வளம் பேணமுடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பயிர்க்கழிவு, சாணம், சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றைக் குழிகளில் அடுக்கி, ஈரத்தையும் காற்றையும் அளவோடு பேணி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மும்முறை புரட்டிக் கூட்டெரு ஆக்கும் முறை அங்கு உருவாயிற்று. கீழைத்தேய உழவரின் பழைய வழக்கங்களை, சிறப்பாகச் சீன உழவரின் வழக்கங்களை, விஞ்ஞான முறைக்குட்படுத்தியதே இம்முறையாகும். 1931இல் ஹவார்டும் அவரது துணையாளரான யசுவந்த் வாட் என்பவரும் இணைந்து எழுதிய நூலின் மூலம் இது 'இந்தூர் முறை' என உலகெங்கும் பரவியது.

உழவுக் கழிவுக்கென அமைந்த இம்முறை விரைவில் நகரக் கழிவுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. குடியிருப்புகளின் குப்பையையும் மலத்தையும் சுகாதாரக் கேடின்றி எருவாக்குவது எவ்வாறு என்பதை விளக்கும் வெளியீடொன்றை ஜக்சன், வாட் ஆகிய இருவரும் 1934இல் வெளியிட்டனர். கெடிஸ் கொள்கையளவில் வேண்டியதை இவர்கள் நடைமுறையில் செய்துகாட்டினர் எனலாம்.

எனினும், சுதந்திரத்திற்குப் பிற்பட்ட இந்தூர் இவ்விரு மரபுகளையும் மறந்தது. தெருமுனைத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. தேவகுராடியா என்னுமிடத்தில் நெடுங்காலமாகக் கொட்டப்பட்ட குப்பை மலையாக வளர்ந்தது. கானும் சரஸ்வதியும் சாக்கடைகளாயின. 1978 முதல் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலிருந்து நருமதை நீர் மேட்டுக்கு ஏற்றப்பட்டமையால், அருகிலுள்ள ஆறுகளைப் பேணவேண்டிய தேவையும் மக்களுக்குத் தோன்றவில்லை. உலகுக்குக் கூட்டெருவைக் கற்பித்த நகரம் தன் குப்பையைத் தானே என்ன செய்வதென்று அறியாது நின்றமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

2016இன் பின்னர்

2016இல் நடைபெற்ற தேசியத் தூய்மைக் கணிப்பில் இந்தூர் 25ஆம் இடத்தையே பெற்றது. 2017இல் அது முதலிடத்தை அடைந்தது. 2023ஆம் ஆண்டுக் கணிப்பு வரை ஏழுமுறை தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. இறுதி முறை அவ்விடத்தைச் சூரத் நகருடன் பகிர்ந்துகொண்டது. அடுத்த கணிப்பில் முன்னணி நகரங்கள் தனிப் பிரிவொன்றில் வைக்கப்பட்டன. இந்தூரும் அதில் இடம்பெற்றது. ஓராண்டுள் நிகழ்ந்த இம்முதல் மாற்றமே ஆய்வுக்குரியது.

அக்காலத்தில் மாலினி கௌட் மாநகர முதல்வராகவும் மனீஷ் சிங் ஆணையாளராகவும் இருந்தனர். வீட்டுக்கு வீடு சென்று குப்பை சேகரிக்கும் முறை முதலில் இரு வட்டாரங்களில் மட்டும் பரிசோதிக்கப்பட்டது. அங்கு ஏற்பட்ட குறைகள் திருத்தப்பட்ட பின்னரே ஏனைய வட்டாரங்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. திட்டத்திற்கு முன்னர் ஆய்வு என்னும் கெடிஸின் நெறி, அவர் பெயர் அறியாதோராலும் பின்பற்றப்பட்டுள்ளமையை இங்கு அவதானிக்கலாம். தெருமுனைத் தொட்டிகள் முற்றாக அகற்றப்பட்டன. வீட்டார் கட்டணம் செலுத்த வேண்டியவராயினர். குப்பை வண்டிகள் பாட்டொலியுடன் நாள்தோறும் குறித்த நேரத்தில் வந்தன. உக்குங் கழிவு, உலர் கழிவு என முதலில் இரண்டாகவும், பின்னர் பிளாஸ்திக், மின்னணுக் கழிவு, ஆரோக்கியத் துணிக் கழிவு, வீட்டு நச்சுக்கழிவு ஆகியவற்றையும் சேர்த்து ஆறாகவும் பிரிக்கும் பழக்கம் வீடுகளில் வேரூன்றியது.

தொழினுட்பத்தின் பங்கு இவ்விடத்திலேதான் வருகிறது. ஒவ்வொரு வண்டியிலும் இடங்காட்டி பொருத்தப்பட்டது. வண்டி எத்தெருவுக்குச் சென்றது, எதனைத் தவறவிட்டது என்பதைக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்தோர் உடனுக்குடன் அறிந்தனர். தொழிலாளர் வரவு கைரேகை மூலம் பதிவாயிற்று. மக்கள் முறையிடுவதற்குக் கைத்தொலைபேசிச் செயலி ஏற்படுத்தப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவை ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் வாழும் நகரிலிருந்து ஒழுங்காக அகற்றுவதற்கு இத்தகைய கருவிகள் பெரிதும் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. தேவகுராடியாவிலிருந்த ஏறத்தாழ 13 இலட்சம் தொன் பழைய குப்பை 2018இல் இயந்திரங்களால் தரம்பிரிக்கப்பட்டு நிலம் மீட்கப்பட்டது. அவ்விடத்திலேயே நாளொன்றுக்கு 550 தொன் உக்குங் கழிவிலிருந்து எரிவாயுவும் எருவும் உற்பத்தி செய்யும் ஆலை 2022 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அவ்வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. நருமதை நீரை ஏற்றுவதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து பெறும் பொருட்டு 2023 பெப்ரவரியில் மாநகரசபை 244 கோடி ரூபா பெறுமதியான பசுமைக் கடன்பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்றது.

இந்நிகழ்வுகளின் கால ஒழுங்கை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். நகரம் முதலிடம் பெற்றது 2017இல். பெரும் ஆலை எழுந்தது 2022இல். வீட்டிலே பிரிக்கப்படாத குப்பையிலிருந்து எந்த ஆலையும் நல்ல வாயுவை ஆக்கமுடியாது. எனவே, குடும்பங்களின் பழக்கமும் நிர்வாகத்தின் ஒழுங்கும் முதலில் அமைந்தன. இயந்திரம் அவற்றின் மீது எழுந்தது. இடங்காட்டி தொடக்கத்திலிருந்தே பயன்பட்டதாயினும், அதன் பயன் ஏற்கெனவே வகுக்கப்பட்ட விதியைக் காப்பதாகவே இருந்தது. பட்டியலிலுள்ள தெருவுக்கு வண்டி சென்றதா என்பதை அக்கருவி கூறும். பட்டியலில் எத்தெருக்கள் இருக்கவேண்டும் என்பதை அது கூறாது.

கணக்கில் வராதவை

இக்குறைபாடு வெறும் தருக்க விடயமன்று. இந்தூரின் அண்மைய வரலாற்றிலே மூன்று நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகின்றன.

2021 ஜனவரியில், வீடற்ற முதியோரை மாநகரசபை வண்டியில் ஏற்றிச்சென்று நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் இறக்கிவிட்ட காட்சி வெளியாகி நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அதிகாரி ஒருவர் பணியிடை நிறுத்தப்பட்டார். முதியோர் திரும்ப அழைத்துவரப்பட்டனர். தூய்மை என்பது கண்ணுக்குத் தோன்றும் தெருவை மட்டும் குறிக்குமாயின், அத்தெருவில் படுத்திருக்கும் மனிதரும் அகற்றப்படவேண்டிய பொருளாகிவிடும் அபாயத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. துப்புரவுத் தொழிலாளரை ஊர்வலத்தில் அழைத்துச்சென்ற நகரிலேயே இது நிகழ்ந்தமை கருதத்தக்கது.

2023 மார்ச் 30ஆம் நாள், இராமநவமி வழிபாட்டின்போது கோயிலொன்றின் தளம் இடிந்து 36 பேர் உயிரிழந்தனர். அத்தளத்தின் கீழே பழைய படிக்கிணறு ஒன்று இருந்தது. அதனை மூடி மேலே தளம் அமைத்திருந்தனர். அங்கு நடைபெற்ற சட்டவிரோதக் கட்டுமானம் பற்றி மாநகரசபை முன்னரே அறிவித்தல் அனுப்பியிருந்தது. ஆயின் நடவடிக்கை பின்தொடரவில்லை. அறியாமையால் விளைந்த கேடு அன்று இது. அறிந்ததைச் செயலாக்கும் துணிவு இன்மையால் விளைந்தது. இத்துணிவை எக்கட்டுப்பாட்டு நிலையமும் தரமாட்டாது.

2025 டிசம்பர் இறுதியில் பாகீரத்புரா என்னும் பகுதியில் குடிநீர்க் குழாயிற் கழிவுநீர் கலந்தமையால் பலர் உயிரிழந்தனர்; பெருந்தொகையினர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். நீர் நாற்றமடிப்பதாக அப்பகுதி மக்கள் முன்னரே முறையிட்டிருந்தனர். கழிவுநீர் முகாமையில் உயர் சான்றிதழை 2021இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்ற நகரில் இது நேர்ந்தது. நிலத்துக்கு மேலே நகரும் வண்டி ஒவ்வொன்றையும் திரையில் கண்ட நகரம், நிலத்துக்குக் கீழே செல்லும் பழைய குழாய்களைக் காணவில்லை. தூய்மைக் கணிப்பில் புள்ளி பெற்றுத்தரும் துறைகளிலே கருவிகளும் கவனமும் குவிந்தன. ஏழைக் குடியிருப்பு ஒன்றின் குழாய் அக்கவனத்தைப் பெறவில்லை.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் கொண்டு இந்தூரின் சாதனையைப் பொய்யென ஒதுக்குவது நேர்மையாகாது. குப்பை மலை நீங்கியது உண்மை. அதன் அருகே வாழ்ந்தோர் தூய காற்றைப் பெற்றமையும் உண்மை. ஆயின், இச்சாதனையைத் தொழினுட்பத்தின் வெற்றி என்று மட்டும் கூறின், இத்தோல்விகளுக்கு விளக்கம் கிடையாது. ஒரே கருவிகளைக் கொண்ட ஒரே நிர்வாகத்தில் இரண்டும் நிகழ்ந்துள்ளன. மக்களின் பங்கும் நிர்வாகத்தின் கவனமும் சேர்ந்த இடத்தில் கருவி பயன்தந்தது. அவை சேராத இடத்தில் பயன்தரவில்லை.

முடிவுரை

கெடிஸின் நோக்குக் கோபுரத்தையும் இன்றைய கட்டுப்பாட்டு நிலையத்தையும் ஒப்புநோக்கின் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே தெரியும். இரண்டும் நகர் முழுவதையும் ஓரிடத்திலிருந்து காண விழைகின்றன. முன்னது குடிமக்கள் ஏறிச்சென்று காணும் இடம்; பின்னது அதிகாரிகள் அமர்ந்து காணும் அறை. இவ்வேற்றுமையைக் குறைப்பதே திறன்மிகு நகரம் என்னும் கருத்தை மேற்கொள்வோர் செய்யவேண்டிய முதற் பணியாகும். குழாய்களின் வரைபடம், நீர்ப் பரிசோதனையின் முடிவு, முறைப்பாட்டுக்கு அளிக்கப்பட்ட விடை ஆகியன யாவரும் காணத்தக்கனவாக வைக்கப்படின், பாகீரத்புரா மக்களின் முறையீடு புறக்கணிக்கப்படுவது அத்துணை எளிதாக இருந்திராது.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. கெடிஸ் கொழும்பு நகருக்கும் 1921இல் ஒரு திட்ட அறிக்கை எழுதினார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டனர். அக்குப்பை கொழும்பு நகரத்தாரின் வீடுகளிலிருந்து சென்றது. அதன் கீழ் வாழ்ந்தோர் ஏழைகள். அதன் அபாயத்தை அவர்கள் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்தனர். ஆகவே, அளவிடும் கருவிகளை நம் நகரங்களுக்குக் கொண்டுவர விழைவோர் எதனை அளப்பது, யாருடைய சொல்லைக் கேட்பது என்பவற்றை முதலில் முடிவுசெய்தல் வேண்டும். அம்முடிவு கணினிக்கு உரியதன்று. நகரில் வாழும் அனைவருக்கும் உரியது. இந்தூரின் நூறாண்டு வரலாறு நமக்குத் தரும் படிப்பினை இதுவேயாகும்.